தீர்மான நோட்டில் என் கட்டைவிரல்

ஜனவரி 20, திங்கள்

என் பெயர் நாச்சிமுத்து.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

வயது அறுபத்தெட்டு. எங்கள் ஊர் கூத்தாம்பாளையத்தில் முப்பத்தோரு வருஷமாக ஊராட்சித் தண்ணீர் திறந்துவிடுகிறேன். எந்த வீதிக்கு எந்த வால்வு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் வால்வு மூடிகளின் மேல் பெயிண்டில் எழுதியிருப்பது என்ன என்று போன வருஷம் வரை தெரியாது. இப்போது தெரியும். மேற்கு வீதி வால்வில் எவனோ 'கிழக்கு' என்று எழுதி வைத்திருக்கிறான். படிக்கக் கற்ற பிறகு நான் கண்டுபிடித்த முதல் தப்பு அதுதான்.

ஊருக்கு வடக்கே சமுதாயக் கல்லூரி இருக்கிறது. பகலில் ஆறு மாதத் தொழிற்படிப்புகள். மாலை ஐந்து மணிக்கு ஊர்க்காரர்களுக்கு எழுத்து வகுப்பு. சொல்லித் தருவது ஜெசிந்தா டீச்சர். ஒன்பது பேரில் ஆண்பிள்ளை நான் ஒருவன். என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது என் மகள் கலாமணி. மாட்டேன் என்றேன். விடவில்லை.

சனிக்கிழமை கல்லூரியில் வேலைவாய்ப்பு முகாம். பல ஊர்க் கம்பெனிகள் வந்து மேஜை போட்டிருந்தார்கள். கலாமணி அங்கேதான் மோட்டார் வைண்டிங் படித்தாள். மோட்டார் கம்பெனிக்காரர்கள் அவளை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த டைரியைக் கொடுத்தார்கள். கம்பெனி பெயர் தங்க எழுத்தில் இருக்கிறது. அதையும் படித்துவிட்டேன்.

இவ்வளவு எழுத இரண்டு நாள் ஆயிற்று. தேதி மட்டும் ஒன்று.

ஜனவரி 24, வெள்ளி

கலாமணிக்குக் கடிதம் வந்தது. அவள் வருவதற்குள் நான் பிரித்துப் படித்துவிட்டேன். தப்புதான், ஆனால் ஆசை. மார்ச் 3, திங்கள் காலை எட்டரைக்குப் பணியில் சேர வேண்டும். சேராவிட்டால் தேர்வு ரத்தாகும். 'ரத்தாகும்' என்பதை இரண்டு தடவை எழுத்துக் கூட்டினேன். இரண்டு தடவையும் அதேதான் வந்தது.

கம்பெனி இருபத்திரண்டு கிலோமீட்டர். அதன் பஸ் தினமும் காலை ஏழு பத்துக்கு எங்கள் ஊருக்குள் புகுந்துதான் போகிறது. ஆனால் நிற்காது. நாலு கிலோமீட்டர் தள்ளி நால்ரோட்டில்தான் நிற்கும். நால்ரோட்டுக்குக் குவாரி ரோட்டில் நடக்க வேண்டும். கல் லாரி ஓடுகிற ரோடு.

இரண்டு வருஷத்துக்கு முன் எங்கள் ஊர்ப் பெண்கள் பதினோரு பேர் இதே கம்பெனியில் சேர்ந்து ஒரே மாதத்தில் நின்றுவிட்டார்கள். கலாமணியும் அதில் ஒருத்தி. குவாரி ரோட்டில் லாரிக்கு ஒதுங்கப் போய் விழுந்து இடது மணிக்கட்டு உடைந்தது. மழை பெய்தால் இன்னும் பிடித்துவிட்டுக்கொள்கிறாள். நம் பொம்பளைகளுக்கு ஒரு வேலையில் நிலைத்து நிற்கத் தெரியவில்லை என்று அப்போது நான் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பஸ் ஏன் நம் ஊரில் நிற்பதில்லை? கம்பெனிக்காரர்களுக்கு நம் ஊர் என்றால் இளக்காரம்.

"பஸ்ஸை நம்மூர்ல நிறுத்தச் சொன்னா என்ன அம்மிணி?" என்று கேட்டேன்.

அவள் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"சொல்லுங்கப்பா. நீங்கதான் சொல்லோணும்."

ஜனவரி 25, சனி

கோயில் முக்கில் நின்று கம்பெனி பஸ்ஸுக்குக் கை காட்டினேன். தினமும் வால்வு திறக்கும்போது அந்த டிரைவருக்குக் கை காட்டுவது வழக்கம். இன்றும் அவன் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஜனவரி 29, புதன்

கல்லூரி ஆபீசுக்குப் போனேன். சூப்பிரண்டு தேவராஜன், "இதெல்லாம் ஆலோசனைக் குழுவுல பேசோணுங்ண்ணா. ஊர் சார்பா நீங்கதானே இருக்கறீங்க?" என்றார்.

உண்மைதான். மூன்று வருஷமாக நான் அந்தக் குழுவில் உறுப்பினர். முதல்வர் மேடம், கம்பெனிக்காரர்கள் மூன்று பேர், ஊருக்கு நான். எல்லா வீட்டுக்கும் என்னைத் தெரியும் என்று சேர்த்தார்கள். வருஷத்துக்கு இரண்டு கூட்டம். பாதி இங்கிலீஷில் பேசுவார்கள். சமோசா, டீ, ஒரு சால்வை. கடைசியில் பெரிய நோட்டை நீட்டுவார்கள், கட்டைவிரலை வைப்பேன். பெட்டியில் ஆறு சால்வை இருக்கிறது.

"அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க. இதுவரைக்கும் என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுப் பாக்கறேன்" என்றேன்.

தேவராஜன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பீரோவுல இருக்குதுங். சாவி மேடத்துகிட்ட. மேடம் சென்னையில."

வெளியே வரும்போது ஒரு கதவில் 'உள்ளூர் மக்கள் தொடர்பு மையம்' என்று படித்தேன். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே உடைந்த பெஞ்சுகள்.

பிப்ரவரி 5, புதன்

கூட்டம் பதினோரு மணிக்கு. பத்துக்கே போய்விட்டேன். ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். கம்பெனி ஆட்கள் யாரும் வரவில்லை. கூட்டம் தள்ளி வைப்பு.

ஆனாலும் வருகைப் பதிவில் கையெழுத்து வேண்டும் என்று தேவராஜன் மை டப்பாவைத் திறந்தார். பேனாவை வாங்கிப் பெயர் எழுதினேன். 'ச்' வரைக்கும் வருவதற்குள் அவருக்கு இரண்டு போன் வந்துவிட்டது.

"கைநாட்டு வெச்சாப் போதுமுங்ண்ணா."

"மை டப்பாவை மூடி உள்ள வைங்க" என்றேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கல்லூரியின் 'ஊரோடு ஒரு நாள்'. பச்சைத் தொப்பி போட்ட மாணவர்கள் பேனர் பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். நான் வால்வை மூடிவிட்டதால் காய்ந்து கிடந்த சாக்கடைக்கு மருந்து அடித்தார்கள். போட்டோ எடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். 'உங்கள் ஊருக்கு என்ன தேவை?' என்று அச்சடித்திருந்தது.

நான் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்: கம்பெனி பஸ் நின்று போக வேண்டும். ஒரு தப்புகூட இல்லை. கலாமணி பார்த்துத் தலையாட்டினாள்.

மதியம் சமுதாயக் கூடத்தில் மாணவர்களுக்குச் சாப்பாடு. தண்ணீர் போதுமா என்று பார்க்கப் போனேன். மேஜையில் விரிக்கப் பேப்பர் இல்லையென்று அந்தத் தாள்களை விரித்து, அதன் மேல் இலை போட்டிருந்தார்கள். என்னுடையதைத் தேடிக் கண்டுபிடித்தேன். 'பஸ்' என்கிற இடத்தில் ரசம்.

பிப்ரவரி 12, புதன்

மறுபடியும் கூட்டம். மோட்டார் கம்பெனியின் ஹெச்.ஆர். நிர்மல் சார் கார் கிளம்பிவிட்டது என்றார்கள். பிறகு கார் திரும்பிவிட்டது என்றார்கள். கூட்டம் 27ஆம் தேதிக்கு. அதற்கப்புறம் நாலே நாள்.

"நோட்டை மட்டுமாவது காட்டுங்க."

"மேடம் வரட்டுமுங்ண்ணா."

மேடம் எதிர் அறையில்தான் இருந்தார். மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று கல்லூரி வால்வைத் திறக்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்றும் மறந்துவிட்டேன். வயதாகிறது.

பதினோரு மணிக்குத் தேவராஜன் வண்டியில் வந்தார். வியர்த்துக் கொட்டியது.

"ஏனுங்ண்ணா, ரெண்டு நாளா ஒரு சொட்டுத் தண்ணியில்ல. பிள்ளைக கக்கூசு போகக்கூட வழியில்லீங்."

"அப்படிங்களா? வால்வுச் சாவி பீரோவுல இருக்குதுங்க. பீரோச் சாவி மேடத்துகிட்ட."

அவருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. "வண்டியில ஏறுங்க, நோட்டைத் தந்து தொலைக்கறேன்" என்றார்.

நோட்டைப் படித்தேன். பிறகு வால்வைத் திறந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நோட்டில் இருந்ததை ஒரு சீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். அதை எழுத்து மாறாமல் இங்கே எழுதுகிறேன்.

'தீர்மானம் எண் 9. நிறுவனப் பேருந்து கூத்தாம்பாளையத்தில் நின்று செல்வது குறித்து முதல்வர் கேட்டார். நிறுவனத் தரப்பில் சம்மதம் தெரிவிக்கப்பட்டது. கோயில் முக்கில் பேருந்து நின்றால் அடியில் உள்ள வால்வுத் தொட்டியும் குழாயும் உடையும் என்றும், ஊரில் யாருக்கும் இந்தப் பேருந்து தேவையில்லை என்றும் ஊர்ப் பிரதிநிதி திரு. நாச்சிமுத்து கூறினார். எனவே நிறுத்தம் கைவிடப்பட்டது.'

கீழே ஊதா மையில் என் கட்டைவிரல். அழகாகப் பதிந்திருந்தது. ஒரு கோடுகூட அழியவில்லை.

தேவராஜன் இட்டுக்கட்டி எழுதிவிட்டார் என்று நினைக்கத்தான் முதலில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க அப்படி நினைத்தேன். சனிக்கிழமை பாதி நாள் வரை நினைத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. நான் சொன்னதுதான். அந்த மாதம் ஒரு கல் லாரி ஏறிக் கோயில் முக்குக் குழாய் உடைந்து, இரண்டு நாள் சேற்றுக்குள் நின்றிருந்தேன். பஸ் என்றதும் எனக்குச் சேறுதான் ஞாபகம் வந்தது. யாருக்கும் வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. வீட்டில் இருக்கிறவளைக்கூடக் கேட்கவில்லை. நிர்மல் சார் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்குக் கொடுத்தது பச்சைச் சால்வை.

அடுத்த மாதம்தான் அந்தப் பதினோரு பேர் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

சாயங்காலம் கலாமணியிடம் சீட்டைக் காட்டினேன். அவள் வாங்கிப் படிக்கவில்லை.

"தெரியுமுங்ப்பா. பஸ் கேட்டு நாங்க பதினோரு பேரும் கம்பெனிக்குப் போனப்ப, இந்தப் பக்கத்தத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் காட்டினாங்க. உங்க ஊர்ப் பெரியவரே வேண்டாம்னுட்டாருன்னாங்க."

"அன்னிக்கே எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? தேவராஜன் பொய்யா எழுதிட்டான்னு மம்முட்டியத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க. நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கோணுமுன்னுதான்…"

அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே போய்விட்டாள். எனக்கு ஒன்றும் தீய்ந்த வாசம் வரவில்லை.

எழுத்து வகுப்பில் என்னை ஏன் சேர்த்தாள் என்று நான் கேட்கவில்லை. கையை எங்கே உடைத்துக்கொண்டாள் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் கோயில் முக்குக் குழாயடியில் பெண்கள் நிறைய இருந்தார்கள். பஸ்ஸை வேண்டாம் என்று சொன்னவன் நான்தான் என்றேன். சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

மேற்கு வீதி மயிலாத்தாள் குடத்தை இறக்கி வைத்தாள். அவளும் பதினோரு பேரில் ஒருத்தி. "ஏனுங் மாமா, தண்ணி ஒரு நாள் வரலீன்னா குடத்தத் தூக்கிட்டு உங்க ஊட்டு வாசலுக்கு வந்துடறோம். இதுக்கு மட்டும் ரெண்டு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தோம் பாருங்க. எதுக்குன்னு நினைக்கறீங்க?"

"எதுக்கு?"

"உங்க புள்ள மொகத்துக்காக."

எல்லா வீதிக்கும் போனேன். முப்பத்தோரு வருஷமாகப் போகிற வீதிகள். பஸ் நின்றால் யார் போவீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பெயர் எழுதினேன். பத்தொன்பது பெயர். 'ஸ்ரீ' எழுத வராது, அதனால் ஸ்ரீதேவியை அவளையே எழுதச் சொன்னேன்.

மாலை டீச்சர் தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு, "சரிங்கய்யா, நீங்க சொன்ன அந்தக் குழாய்? அது உடையாதா?" என்று கேட்டார்.

திரும்பும் வழியில் கோயில் முக்கில் குனிந்து வால்வுத் தொட்டி மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

கூட்டம் நடந்துவிட்டது. எல்லாரும் வந்தார்கள்.

முதல் ஒன்றரை மணி நேரம் கல்லூரி ஆண்டு விழாவுக்கு யாருடைய பேனர் எந்தப் பக்கம் என்று பேசினார்கள். பிறகு சமோசா வந்தது. அதற்குப் பிறகு உள்ளூர் ஆட்கள் வேலைக்கு வருவதே இல்லை என்று கம்பெனிக்காரர்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குறைப்பட்டார்கள். மேடம் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். நான் இரண்டு தடவை கை தூக்கினேன். இரண்டு தடவையும் எனக்கு டீ வந்தது.

மூன்றாவது தடவை எழுந்து நின்றுவிட்டேன்.

"மேடம், ஒன்பதாம் தீர்மானம் நான் சொன்னதுங்க. யாரையும் கேக்காமச் சொன்னது. அத அடிச்சுப் போடோணும்."

நிர்மல் சார் சிரித்தார். "ஐயா, அன்னைக்கு நீங்கதானே அவ்ளோ தெளிவா பேசினீங்க? சரி, பஸ்ஸை நிறுத்தறோம்னே வெச்சுக்கங்க. போன தடவை பதினோரு பேர் ஒரு மாசத்துல நின்னுட்டாங்க. மறுபடியும் அப்படி ஆனா?"

"நாலு கிலோமீட்டர் லாரி ரோட்டுல நடந்து வந்து உங்க மெஷின் முன்னாடி எட்டு மணி நேரம் நிக்கோணும். நீங்க ஒரு மாசம் நடந்து பாருங்க சார். நான் கூட வாரேன்."

பத்தொன்பது பெயர் எழுதிய தாளை மேஜையில் வைத்தேன்.

"அந்த வால்வுத் தொட்டி?" என்று அவரே கேட்டார். நல்ல ஞாபகம் அவருக்கு.

"அது என் பாடுங்க."

பழைய தீர்மானத்தை அடிக்க முடியாது, புதிதாக ஒன்று போடலாம் என்றார் மேடம். தேவராஜன் பேனாவைத் திறந்தார். நான் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அண்ணா, நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள பொழுது போயிருமுங்."

"மூணு வாரம் நான் காத்திருந்தனுங்க. இப்ப நீங்க கொஞ்சம் காத்திருங்க."

எழுதினேன். நிர்மல் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், கடைசியில் என் பேனாவையே பார்த்தார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. 'மார்ச் 3 முதல் நிறுவனப் பேருந்து கூத்தாம்பாளையம் கோயில் முக்கில் காலையும் மாலையும் நின்று செல்லும்.' ஒரு மாதம் பார்ப்போம், தினமும் பத்துப் பேருக்குக் குறைந்தால் நிறுத்தம் கிடையாது என்று நிர்மல் சார் சேர்க்கச் சொன்னார். அதையும் எழுதினேன். அடியில் பெயரை எழுதினேன். நிர்மல் சார் கையெழுத்துப் போட்டுக் கம்பெனி சீல் வைத்தார். தேவராஜன் தாமாகவே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

சால்வையும் போட்டார்கள். விரலில் இருந்த மையை அதில் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 3, திங்கள்

ஆறே முக்காலுக்கே கோயில் முக்கில் பதினாலு பேர். கலாமணி மடிப்புக் கலையாத புடவையில் வந்திருந்தாள். ஏழு பத்துக்கு பஸ் வந்தது. கை காட்டினேன். டிரைவரும் கை காட்டினான். வேகம் குறையவில்லை.

வால்வுச் சாவி, அந்த நாலடி இரும்புக் கம்பி, கையில் இருந்தது. அதோடு நடுரோட்டில் போய் நின்றுவிட்டேன். பஸ் என் நெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றது.

"ஏனுங்கய்யா, தெனமும் டாட்டா காட்டுவீங்க. இன்னிக்கு என்னாச்சு?"

"இனி இங்க நிக்கோணும்."

"எனக்கு யாரும் சொல்லலீங்களே."

ஜெராக்ஸை நீட்டினேன். டிரைவர் வாங்கிக் கண்ணருகே பிடித்துப் படித்தான். "கம்பெனி சீல் இருக்குது, சரி. இது யாரு எழுத்துங்க? மூணாவது படிக்கற எம்பையன் எழுத்தாட்டவே இருக்குது."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மயிலாத்தாள், "ஏறுங்கடி சீக்கிரம், மாமா இன்னொரு தீர்மானம் போடறதுக்குள்ள" என்றாள்.

கலாமணி கடைசியாக ஏறினாள். இடது கையால் கம்பியைப் பிடித்தாள். படியில் நின்று திரும்பி, "சோறு மூடி வெச்சிருக்கேன். வேல வேலன்னு சாப்பிடாம இருந்துடாதீங்க" என்றாள். அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருஷமாக அவள் என்னிடம் முகம் பார்த்துப் பேசியது குறைவு. இன்று பார்த்துச் சொன்னாள்.

பஸ் கிளம்பியது. பின்சக்கரம் வால்வுத் தொட்டி மூடியின் மேல் ஏறி இறங்கியது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். மூடியில் குறுக்கே மூன்று விரிசல். அடியில் ஜாயின்ட் கழன்று தண்ணீர் பொங்குகிறது. மதியம் ஒன்றரை வரை இடுப்பளவு குழியில் நின்றேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் குழாயைப் பற்றி நான் சொன்னது சரிதான். இதை ஊரில் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

சோறு ஆறியிருந்தது. சாப்பிட்டேன். கனத்த இரும்பு மூடி கேட்டு ஊராட்சித் தலைவருக்கு மனு எழுத உட்கார்ந்திருக்கிறேன். 'பெறுநர்' வரை வந்தாயிற்று. சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கோயில் முக்கில் பஸ் நிற்கும். அதற்குள் முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அங்கே போய் நிற்க வேண்டும்.